பாரபட்சமற்ற ஆன்டெனா

எங்கள் முதலாளிக்கு ஆன்டெனா என்றால் ஒரு கலர் படம். நடுவில் சிவப்பு, ஓரத்தில் நீலம், இடையில் மஞ்சளும் பச்சையும். அலை எந்தப் பக்கம் எவ்வளவு போகிறது என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டால் அப்படி ஒரு உருவம் வரும். எங்கள் ஆன்டெனாவுக்கு வந்தது இலவம்பாடி கத்தரிக்காய் போல இருந்தது. காம்பு ஒரு பக்கம், தொப்பை ஒரு பக்கம். முதலாளி அதைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, கண்ணாடி ஃப்ரேம் மாட்டி, காட்பாடி ஆபீஸில் சாமி படத்துக்குப் பக்கத்தில் தொங்கவிட்டிருந்தார். வருகிற கஸ்டமர்கள் அதன் முன்னால் நின்று தலையாட்டினார்கள். படம் அழகாக இருந்தால் சாமானும் நன்றாக வேலை செய்யும் என்று நம்புகிறவர்கள் இத்தனை பேர் இருப்பார்கள் என்று அங்கே வேலைக்குச் சேரும்வரை எனக்குத் தெரியாது.

அந்தப் படத்தை வரைந்தவள் நான்தான். குடியாத்தத்தில் பவர்லூம் சத்தத்துக்கு நடுவே படித்து, எம்.இ. முடித்து, "பெங்களூரெல்லாம் வேணாம், வீட்டுக்கு வந்து போற மாதிரி பாரு" என்ற அப்பாவின் ஒரே நிபந்தனைக்குக் கட்டுப்பட்டு அந்த ஆபீஸில் சேர்ந்தேன். மொத்தம் ஆறு பேர். அதில் சிமுலேஷன் தெரிந்தவள் நான் ஒருத்தி. மற்றவர்கள் நான் வரைந்ததை விற்றார்கள்.

நாங்கள் விற்றது ஷூ ஃபேக்டரி வாசலுக்கான ஒரு கருவி. பேக்கிங் முடிந்த ஒவ்வொரு அட்டைப்பெட்டியிலும் சிப் வைத்த ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். பேக்கிங் ஹாலுக்கும் லாரி வந்து நிற்கும் இடத்துக்கும் நடுவே உள்ள வாசலின் மேலே எங்கள் ஆன்டெனா தொங்கும். அது கொஞ்ச நேரம் ஹால் பக்கம் பார்க்கும், கொஞ்ச நேரம் வெளியே பார்க்கும், மாறி மாறி. ஹால் பக்கம் பார்க்கும்போது தெரிந்த பெட்டி, பிறகு வெளிப்பக்கம் பார்க்கும்போது தெரிந்தால், அது வாசலைத் தாண்டிவிட்டது என்று கம்ப்யூட்டர் குறித்துக்கொள்ளும். வாட்ச்மேன் நோட்டில் எழுதுவதைவிட இது நம்பகமானது என்று எங்கள் விளம்பரத் தாளில் போட்டிருந்தது.

ஆன்டெனாவின் கழுத்தைத் திருப்ப மோட்டார் கிடையாது. நடுவில் ஒரு தகடு. அதற்கு முன்னும் பின்னும், குறுக்கே நறுக்கிய இரண்டு தகடுகள். நறுக்கிய இடத்தில் ஒரு டயோடு. டயோடுக்குச் சின்ன கரண்ட் கொடுத்தால் இரண்டு துண்டும் ஒன்றாகி அலையைத் தடுத்து எதிர்ப்பக்கம் தள்ளும். கரண்ட்டை நிறுத்தினால் துண்டுகள் தனித்தனியாகிவிடும், அலை கண்டுகொள்ளாமல் தாண்டிப்போகும். டயோடை ஆன் செய்கிற அந்தச் சின்ன கரண்ட்டுக்குத் தொழிலில் பயாஸ் என்று பெயர். அது ஆகாசத்திலிருந்து குதிக்காது. அதைக் கொண்டுவர ஒயர் வேண்டும்.

ஒயர் வந்ததும் வம்பும் வந்துவிடும். எது ஆன்டெனா, எது ஒயர் என்று அலைக்குத் தெரியாது. உலோகம் கண்டால் ஏறிக்கொள்ளும். எங்கள் அலையின் பாதி நீளம் ஒரு சாணுக்குக் கொஞ்சம் கம்மி. டயோடுக்குப் போகிற ஒயரும் கிட்டத்தட்ட அதே நீளம்தான். அந்த நீளத்தில் ஒரு கம்பி பக்கத்தில் கிடந்தால், யாரும் கேட்காமலேயே அது இன்னொரு ஆன்டெனா ஆகிவிடும். அதனால்தான் ஒயரின் வாயில் சோக் என்று ஒரு சின்ன காயில் வைப்பார்கள். கரண்ட் போகும், அலை போகாது. சரியான சோக் வைத்தால் அப்படி. எது கிடைத்ததோ அதை வைத்தால் அலையும் போகும்.

இதையெல்லாம் கம்ப்யூட்டரில் முறையாகச் செய்ய முடியும். நறுக்கிய இடத்தில் டயோடுக்கென்று ஒரு இணைப்பு முனை வைத்து, டயோடு தயாரித்தவன் கொடுத்த தாளைப் பார்த்து, ஆன் ஆகும்போது அதில் மிஞ்சுகிற மின்தடையையும், ஆஃப் ஆகும்போது அதற்குள் ஒளிந்திருக்கிற கெப்பாசிட்டரையும் போட வேண்டும். சோக்கை அதன் உண்மையான குணத்தோடு போட வேண்டும். ஒயரை அதன் தடிமனோடு வரைய வேண்டும். ஒயர் மெலிசு என்பதால் சாஃப்ட்வேர் அதைச் சுற்றியுள்ள இடத்தைப் பொடிப்பொடியாக நறுக்கிக் கணக்குப் போடும். இருபது நிமிஷத்தில் முடிகிற வேலை ஒரு முழுப் பகலைத் தின்னும்.

முதலாளிக்கு அந்தப் பகலைக் கொடுக்க மனசில்லை.

"ஆன்னா காப்பர் போடு, ஆஃப்னா காத்து வுடு. அவ்ளோதான்மா. ஒயர் கியர்லாம் இன்னாத்துக்கு வரைஞ்சிக்கினு கீற?"

இது அவருடைய கண்டுபிடிப்பு இல்லை. பாதி ஆராய்ச்சிக் கட்டுரைகள் இப்படித்தான் எழுதப்படுகின்றன. டயோடு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு துண்டுச் செம்பு, அதுதான் ஆன். துண்டை எடுத்துவிட்டால் ஆஃப். ஒயர் எங்கே என்று கேட்டால் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். எம்.இ. படிக்கும்போது என் கைடு, ஜர்னலுக்குப் போட்டோ எடுப்பதற்கு முன்னால் என் ஆன்டெனா போர்டிலிருந்த சிவப்பு, கறுப்பு ஒயர்களைக் கழற்றச் சொன்னார். "பாக்க அசிங்கமா இருக்கு" என்றார். ஒயரில்லாமல் அந்த போர்டு வெறும் பலகை. அந்தப் பலகையின் போட்டோதான் அச்சில் வந்தது, கீழே என் பெயருக்கு முன்னால் அவர் பெயர். இவர்களை நினைத்தால் இப்போதும் எனக்குக் குமட்டிக்கொண்டு வரும்.

ஆனால் நான் மட்டும் என்ன கிழித்தேன்? ஆன் என்றால் காப்பர் போட்டேன், ஆஃப் என்றால் காற்று விட்டேன். கத்தரிக்காய் அழகாக வந்தது. கஸ்டமருக்குக் கொடுக்கும் ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில், யாரும் படிக்காத சின்ன எழுத்தில், இங்கிலீஷில் மூன்று வார்த்தை போட்டேன்: பயாஸ் இஸ் நெக்லெக்டட். பயாஸைக் கணக்கில் எடுக்கவில்லை என்று அர்த்தம். யாரையும் எச்சரிப்பதற்காக எழுதவில்லை. நாளைக்கு ஏதாவது ஆனால், நான் அப்போதே சொல்லியிருந்தேன் என்று காட்டுவதற்காக எழுதினேன். அன்றைக்கு அது எனக்குப் பெரிய நேர்மையாகத் தெரிந்தது.

ஆம்பூரில் ஒரு ஷூ ஃபேக்டரியில் கருவியை மாட்டி நாலு மாதம் இருக்கும். ஒரு நாள் அங்கிருந்து கடிதம் வந்தது. பேக்கிங் ஹாலில் வேலை செய்யும் ஒரு பெண்மீது திருட்டுக் குற்றச்சாட்டு, உள்விசாரணை நடக்கப்போகிறது, கருவியைப் பற்றிச் சாட்சி சொல்ல ஒருவரை அனுப்பவும் என்று. கூடவே கம்ப்யூட்டர் எடுத்த பட்டியல். அவர் ஷிஃப்டில் பதினாலு பெட்டிகள் எந்தச் சீட்டும் இல்லாமல் வாசலைத் தாண்டி வெளியே போயிருக்கின்றன, கொஞ்ச நேரம் கழித்துத் திரும்ப உள்ளே வந்திருக்கின்றன. ஒரு நாள் இல்லை, பல நாள். அதே சமயம் வெளிநாட்டு கஸ்டமரிடமிருந்து ஒரு புகார்: சில பெட்டிகளில் இரண்டாம் தர ஜோடிகள் இருந்தனவாம். ஃபேக்டரியில் இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டார்கள். பெட்டியை வெளியே கொண்டுபோய் நல்ல ஜோடியை எடுத்துக்கொண்டு கழித்ததை வைத்துத் திரும்பக் கொண்டுவருகிறார் என்பது கதை.

நான் பட்டியலைப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் பதினாலு பெட்டியும் ஒரே நொடியில் வெளியே போயிருக்கின்றன. பதினாலும் ஒரே நொடியில் திரும்பியிருக்கின்றன. பட்டியலைத் தயாரித்த புத்திசாலிகள், கையெழுத்துப் போட்ட புத்திசாலிகள், ஒருவருக்கும் இது விநோதமாகப் படவில்லை.

எனக்கு உடனே ஒயர் ஞாபகம் வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை ஆபீஸைத் திறந்து காலையில் மாடலைப் போட்டேன். டயோடுகளை அவற்றின் எண்களோடு போட்டேன், ஒயர்களை வரைந்தேன், நாங்கள் உண்மையிலேயே வாங்கி வைத்த மலிவான சோக்கைப் போட்டேன். எங்கள் அலைக்கு அந்தச் சோக் சோக்காகவே இல்லை. கெப்பாசிட்டர் போல வழிவிட்டது. மாலை காபி குடித்துவிட்டு வந்து பார்த்தபோது கத்தரிக்காயின் முதுகில் ஒரு கட்டி முளைத்திருந்தது. ஆன்டெனா வெளியே பார்க்கும்போதெல்லாம் அதன் ஒயர் ஹாலுக்குள் பார்த்துக்கொண்டிருந்தது. ரேக்கில் சும்மா இருக்கிற பெட்டி, வெளியே போய்விட்டதாகப் பதிவாகும். பெட்டி எங்கேயும் போகவில்லை. அந்தப் பெண் எதையும் எடுக்கவில்லை.

திங்கட்கிழமை முதலாளியிடம் காட்டினேன். அவர் கட்டியை உற்றுப் பார்த்தார். கலர் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிடுவாரோ என்றுகூட எனக்குத் தோன்றியது.

"இத்த யாருனா பாத்தாங்களா?"

"இல்ல சார்."

"அப்ப மூடி வெய். நாலு ஃபேக்டரில மாட்டிக்கீறோம். எல்லாரும் கழட்டிக்கினு வந்து வாசல்ல போட்டுடுவாங்க. நீ போ, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. சாஃப்ட்வேர் சரியா ஓடிச்சின்னு சொல்லு. அது பொய் இல்லியே?"

பொய் இல்லைதான். சாஃப்ட்வேர் மிகச் சரியாக ஓடியது. நாங்கள் கொடுத்த குப்பையைத் துளி பிசகாமல் கணக்குப் போட்டது. விசாரணைக்கு எட்டு நாள் இருந்தது. எட்டு நாளும் அந்தப் படத்தைப் பையில் வைத்துக்கொண்டு குடியாத்தத்துக்கும் காட்பாடிக்கும் பஸ்ஸில் போய்வந்தேன். ஆம்பூருக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். போடவில்லை. வேலை போய்விடுமே என்று பயந்தேன். பயத்துக்கு அதைவிட மரியாதையான பெயர் எதுவும் என்னிடம் இல்லை.

விசாரணை ஃபேக்டரியின் மாடி அறையில் நடந்தது. குற்றம் சாட்டுகிறவரும் விசாரிக்கிறவரும் ஒரே ஆள், எச்.ஆர். மேனேஜர். கல்லூரிக் காலத்தில் பட்டிமன்றம் பேசியவர் என்று வந்த ஐந்தாவது நிமிஷத்தில் அவரே எனக்குச் சொன்னார். விசாரணைத் தாள்களைத் தொழிலாளிக்குத் தமிழில் கொடுக்க வேண்டும் என்பது விதி. அந்தப் பொறுப்பை வேறு யாரிடமும் விடாமல் தன் கையாலேயே மொழிபெயர்த்திருந்தார். என் ரிப்போர்ட்டையும்தான்.

எதிரில் குற்றம் சாட்டப்பட்ட அக்கா உட்கார்ந்திருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். அந்த ஃபேக்டரியில் இருபத்திரண்டு வருஷம். பதினெட்டு வருஷம் மெஷினில் ஷூவின் மேல்பாகம் தைத்து, முதுகு போனபிறகு பேக்கிங்குக்கு மாறியவர். மூன்று வாரமாகச் சஸ்பெண்டில் இருந்தார். குற்றம் உறுதியானால் வேலை போகும். போனால் போகட்டும் என்று இருக்க முடியாது. திருட்டுக்காக நீக்கப்பட்டவள் என்ற பேச்சு வாணியம்பாடியிலிருந்து ராணிப்பேட்டைவரை எல்லா ஃபேக்டரி கேட்டுக்கும் அவருக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடும். வீட்டில் அவர் ஒருவர் வருமானம். இதெல்லாம் எனக்குக் கீழே டீ கொடுத்த பெண் சொன்னது. மேலே இருந்த யாரும் சொல்லவில்லை.

மேனேஜர் தொண்டையைச் செருமிக்கொண்டு தன் மொழிபெயர்ப்பைப் படித்தார். மேடையில் பேசுவதுபோல ஏற்றி இறக்கிப் படித்தார். கடைசிப் பக்கத்துக்கு வந்தபோது குரல் இன்னும் ஏறியது.

"இக்கருவி எவ்விதப் பாரபட்சமும் அற்றது."

முதலில் எனக்கு விளங்கவில்லை. நான் எங்கே அப்படி எழுதினேன்? ரிப்போர்ட்டைப் புரட்டினேன். பிறகுதான் உறைத்தது. பயாஸ் இஸ் நெக்லெக்டட். அகராதியைப் பார்த்திருக்கிறார். பயாஸ் என்றால் பாரபட்சம். நெக்லெக்டட் என்றால் ஒதுக்கப்பட்டது. ஒதுக்கப்பட்டதை அற்றது ஆக்கிவிட்டார், ஓசைக்காக. இந்தக் கருவியை நம்பாதீர்கள் என்று சொல்லக்கூடிய ஒரே வரி, கருவிக்கு நற்சான்றிதழ் ஆகியிருந்தது. அந்த மனிதருக்கு அதில் பெருமை வேறு.

"மேடம், உங்க கருவி சரியா வேலை செய்யுதா?"

"சாஃப்ட்வேர் சரியா ஓடிச்சி சார்" என்றேன். முதலாளி சொல்லிக் கொடுத்தது அப்படியே வந்தது. மேனேஜர் எழுதிக்கொண்டார். நான் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்கா தமிழ்த் தாளைத் தள்ளிவைத்துவிட்டு இங்கிலீஷ் தாளை எடுத்தார். பத்தாவது வரை படித்தவர். விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தார்.

"சார், இங்க பயாஸ்னு போட்டுக்கீதே, இன்னா சார் அது?"

"அதாம்மா பாரபட்சம். மிஷினு ஆளைப் பார்த்து வேலை செய்யாது. ஏழை, பணக்காரன்னு பார்க்காது. மேடமே எழுதியிருக்காங்க."

"இல்ல சார். பயாஸ்னா நாடா. ஷூவோட வாய்ல ஓரமா மடிச்சித் தெப்போமே, அந்த நாடா. ரோலு மேல இதே எழுத்துதான் போட்டிருக்கும். பதினெட்டு வருஷம் தெச்சிக்கீறேன். அத்த வெக்காம வுட்டா ஓரம் பிரிஞ்சி நாறிடும் சார். இதுல அத்த வெக்கலன்னு எழுதிக்கீதா?"

மேனேஜர் சிரித்தார். சாதாரணச் சிரிப்பு இல்லை. நாற்காலியில் சாய்ந்து, என்னையும் துணைக்குச் சேர்த்துக்கொண்டு சிரித்தார். "பாத்தீங்களா மேடம், ஆன்டெனாவுல நாடா தெக்கணுமாம்."

அந்த அறையில் அந்த வார்த்தையைச் சரியாகப் படித்தவர் அந்த அக்கா ஒருவர்தான். என்னவென்று தெரியாமலேயே, வைக்க வேண்டிய எதையோ வைக்காமல் விட்டிருக்கிறார்கள் என்று கண்டுபிடித்துவிட்டார். பட்டிமன்றப் பேச்சாளருக்கு அது வேடிக்கை. அந்தச் சிரிப்பில் எனக்கும் ஒரு பங்கு கொடுத்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவர் சிரிக்காமல் இருந்திருந்தால் நான் வாயைத் திறந்திருப்பேனா என்று சத்தியமாக எனக்குத் தெரியாது.

"சார், அது பாரபட்சம் இல்ல. ஒயர்" என்றேன்.

"ஒயரா?"

"டயோடுக்குக் கரண்ட் கொண்டுபோற ஒயர். அதை நான் கணக்குல சேர்க்கல. சேர்த்தா ரிசல்ட் மாறுது. அக்கா சொல்றதுதான் சரி. வைக்க வேண்டியதை வைக்காம விட்டதாலதான் உங்க பட்டியல் தப்பு."

பையிலிருந்து படத்தை எடுத்துப் போட்டேன். அவர் கட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு எழுத ஆரம்பித்தார். எழுதியதை எட்டிப் பார்த்தேன். ‘பாரபட்சம் என்பது ஒயரைக் குறிக்கும் எனச் சாட்சி கூறுகிறார்’ என்று இருந்தது. அந்த நிமிஷம் அந்தத் தாளைப் பிடுங்கிக் கிழித்திருந்தால்கூட நான் வருத்தப்பட்டிருக்க மாட்டேன்.

"சார், எழுதாதீங்க. கீழ வாங்க, காட்டறேன்."

பேக்கிங் ஹாலுக்கு இறங்கினோம். ரேக்கில் பெட்டிகள் அடுக்கியிருந்தன. கம்ப்யூட்டரில் எல்லாம் ‘உள்ளே’ என்று பச்சையாக இருந்தது. ஐந்து நிமிஷம் நின்றோம். ஒன்றும் ஆகவில்லை. மேனேஜரின் முகத்தில் பழைய சிரிப்பு மெல்லத் திரும்பி வந்தது. கட்டி இருக்கிறது, ஆனால் அவ்வளவு தூரம் எட்டவில்லை. வேறு ஏதோ ஒன்று அதற்குக் கைகொடுத்திருக்க வேண்டும்.

"அக்கா, நீங்க வேலை செய்யறப்போ இங்க எல்லாம் இப்படியேதான் இருக்குமா?"

அவர் சுற்றிப் பார்த்தார். "ட்ராலி இல்லியே. என் ஷிஃப்ட்ல ட்ராலிய கோட்டுக்குள்ளதான் வெப்பேன்."

வாசலுக்கு உட்புறம் தரையில் மஞ்சள் பெயின்ட்டில் ஒரு கட்டம். ட்ராலி இங்கேதான் நிற்க வேண்டும் என்பது மேனேஜரே போட்ட விதி, சுவரில் அவர் கையெழுத்தோடு ஒட்டியிருந்தது. மற்ற ஷிஃப்டுக்காரர்கள் ட்ராலியைக் கண்ட இடத்தில் விட்டுவிட்டுப் போவார்கள். விதியைப் படித்து அதன்படி நடந்தவர் இவர் ஒருவர்தான். அக்கா மூலையில் கிடந்த ட்ராலியைத் தள்ளிக்கொண்டு வந்து கட்டத்துக்குள் நேராக நிறுத்தினார். தகரப் பக்கவாட்டோடு இடுப்பு உயர ட்ராலி. ஒயரிலிருந்து வழிந்த அலை அந்தத் தகரத்தில் பட்டு ரேக்குக்குப் போயிருக்க வேண்டும். திரையில் பச்சை சிவப்பானது. பன்னிரண்டு பெட்டிகள் ‘வெளியே’ போய்விட்டன. எங்கள் கண் முன்னால் ரேக்கிலேயே உட்கார்ந்துகொண்டு.

ட்ராலியை இழுத்தார். பன்னிரண்டும் ‘உள்ளே’ வந்தன.

மேனேஜருக்கு நம்பிக்கை வரவில்லை. தானே தள்ளினார். தானே இழுத்தார். பெட்டிகள் போயின, வந்தன. மூன்றாம் தடவை தள்ளிவிட்டு, திரையின் மூலையில் ஓடிய பதிவைப் பார்த்தார். இப்போது அவர் பொறுப்பில் முப்பத்தாறு பெட்டிகள் சீட்டில்லாமல் வெளியே போயிருந்தன. அதை நான் சத்தமாகவே சொன்னேன். அந்த வருஷத்தில் எனக்குக் கிடைத்த ஒரே சந்தோஷம் அது.

குற்றச்சாட்டு வாபஸ் ஆனது. ‘தொழில்நுட்பக் கோளாறு காரணமாக’ என்று ஒரு வரிக் கடிதம். மன்னிப்பு என்ற சொல் அந்தப் பேச்சாளரின் அகராதியில் கிடைக்கவில்லை போலும். ஜோடி மாறியது எப்படி என்பது பிறகு தெரிந்தது. பெட்டியில் போடுவதற்கு முன்னால் ஜோடி சேர்க்கிற மேஜையிலேயே கலந்திருக்கிறார்கள். அதற்காக யாரும் விசாரிக்கப்படவில்லை. அந்த மேஜைக்குப் பொறுப்பு ஒரு ஆபீஸர்.

எங்கள் முதலாளி ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை. மறுநாள், "ஏம்மா, பேஜார் பண்ணிட்டியே" என்றார். நான் வேலை போனதென்றுதான் நினைத்தேன். ஆனால் அவருக்குள் வியாபாரி முழித்துக்கொண்டுவிட்டான். நல்ல சோக் போட்டு, ஒயரைச் சுருக்கி, அதற்குப் புதிய வெர்ஷன் என்று பெயர் வைத்து நாலு ஃபேக்டரிக்கும் அனுப்பினார். புதிய விளம்பரத் தாளில் ‘முழுமையான பயாஸ் மாடலிங்’ என்று கொட்டை எழுத்தில் போட்டார். அதற்கு என்ன அர்த்தம் என்று அவர் இன்றுவரை என்னிடம் கேட்கவில்லை.

ஆம்பூரில் புதியதை மாட்ட நான்தான் போனேன். மத்தியான ஷிஃப்ட் மாறும் நேரம். ஏணியில் ஏறிப் பழைய ஒயர்களைக் கத்தரித்துக்கொண்டிருந்தேன். அக்கா வேலைக்குத் திரும்பி நாலைந்து நாள் ஆகியிருந்தது. ஸ்டிக்கர் ரோலோடு வந்து கீழே நின்று, நான் கத்தரித்துப் போட்ட ஒரு துண்டை எடுத்து விரல்களுக்கு நடுவே வைத்துப் பார்த்தார். நன்றி சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். வெட்கமில்லாமல், என்ன பதில் சொல்லலாம் என்றும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

"மேடம், இந்த ஒயரு இங்க கீதுன்னு உங்களுக்கு மொதல்லயே தெரியுமா?"

"தெரியும்க்கா."

"தெரிஞ்சிதான் வுட்டுட்டு கணக்கு போட்டீங்களா?"

"ஆமாக்கா."

"நான் எடுக்கலன்னு எப்ப தெரிஞ்சிது?"

பொய் சொல்லியிருக்கலாம். "விசாரணைக்கு எட்டு நாளு முன்னாடி" என்றேன்.

அவர் மேலே என்னைப் பார்க்கவில்லை. ஒயர்த் துண்டை ஏணியின் கீழ்ப்படியில் வைத்தார்.

"அந்த எட்டு நாளு நான் தண்ணி புடிக்கக்கூட வெளிய வர்ல. பக்கத்து வூட்டுக்காரங்க வந்து, பொருளு எங்க வெச்சிக்கீறன்னு கேட்டாங்க. அந்தாளு சிரிச்சான், ஆனா என்னைத் திருடின்னு நம்பித்தான் பண்ணான். நீ நம்பாமயே பண்ண."

சொல்லிவிட்டு ரேக்குக்குப் போய் ஸ்டிக்கர் ஒட்ட ஆரம்பித்தார். அதுவரை அவர் என்னை நீ என்று சொன்னதில்லை.